குறை சொன்னவரே சமைக்கட்டும்

அத்தியாயம் 11

சனிக்கிழமை பின்னேரம், கித்துல்கலை ஆற்றங்கரையில் இரண்டாவது கூடாரத்துக்குக் கடைசி முளையை அடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டதல்லவா? அந்த மழைக்குள் மூன்று கல்லை வைத்து, ஒரு கையில் குடையும் மறு கையில் அகப்பையுமாக நின்று சோறு வடித்து முடித்தவள் மெற்றில்டா.

வெள்ளவத்தைத் தொடர்மாடியில் நமசிவாயம் வீட்டுக்கு அவள் மருமகளாக வந்து மூன்று மாதம்தான். பிறந்து வளர்ந்ததெல்லாம் கொட்டாஞ்சேனை. வருடா வருடம் மடுமாதா திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போய், காட்டுக்குள் கூடாரம் அடித்து, பத்து நாள் விறகடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுப் பழகியவள். அப்படிப்பட்டவளுக்குக் கித்துல்கலை மழை ஒரு பொருட்டா என்ன?

சோறு பாதி வெந்தும் பாதி வேகாமலும் வந்தது. தகரத்தில் அடைத்த ரின் மீன் குழம்பில் மழையும் ஒரு பங்கு சேர்ந்திருந்தது. மகன் பிரசாந் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டான். புதுப் பெண்சாதி சமைத்தது, சாப்பிடாமல் என்ன செய்வான்? அவன் தாய் சுபோதினியும் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பாட்டுக் கோப்பையைக் காலி செய்தாள். நமசிவாயம்தான் முதல் வாயிலேயே நாக்கை அண்ணத்தில் இரண்டு தரம் தட்டி, கண்ணை மூடித் திறந்து, தீர்ப்பு வழங்கினார்.

"சோத்தில புகை மணக்குது. உப்பும் அரைக் கரண்டி காணாது."

மெற்றில்டா கோபிக்கவில்லை. சிரித்தாள்.

"சரி மாமா. அப்ப காலமைச் சாப்பாடு உங்கட."

"ஏன் பிள்ளை?"

"அது எங்கட அப்பாட சட்டம். கூடாரத்தில ஆர் குறை சொல்லுறாரோ, அவர்தான் அடுத்த நேரம் சமைக்கோணும். அதாலதான் அப்பா உப்பில்லாத கஞ்சியையும் அருமை அருமை எண்டு குடிப்பார்."

பிரசாந் கைதட்டினான். சம்பந்தி பிறெடி அங்கே இல்லாமலே அவருடைய சட்டம் ஏகமனதாக நிறைவேறியது. அப்படித்தான், ஐம்பத்தேழு வயதுவரை ஒரு முட்டைகூடப் பொரித்திராத நமசிவாயம், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அடுப்புக்கு முன்னால் குந்தியிருக்க நேர்ந்தது.

இந்த இடத்தில், இடையில் வந்து சேர்ந்தவர்கள் முழிக்காமல் இருப்பதற்காக ஒரு விஷயத்தைத் திரும்பவும் சொல்லிவிடுகிறேன். நமசிவாயத்தின் உத்தியோகமே நாக்குத்தான். கொழும்பில் தேயிலை ஏலம் நடத்தும் ஒரு கம்பனியில் முப்பத்தொரு வருடமாக அவர் ரீ ரேஸ்ரர், தேநீர் ருசி பார்ப்பவர். நீள மேசையில் வரிசையாக வைத்த முந்நூறு கோப்பைத் தேநீரைக் காலையில் கரண்டியால் உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, துப்பி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை சொல்லுவார். அந்த வார்த்தையை நம்பித்தான் வெளிநாட்டுக்காரன் வாங்குவான். ஒஃபிசில் அவர் பெயரைவிட அவர் நாக்குக்கு மரியாதை அதிகம்.

அந்த நாக்கு செத்து ஐந்து மாதமாகிறது.

சித்திரைப் புதுவருடம் முடிந்த கையோடு வந்த காய்ச்சல் நாலு நாளில் போய்விட்டது. போகும்போது மணத்தையும் ருசியையும் கொண்டு போய்விட்டது. சூடு தெரிந்தது, மிளகாயின் எரிவு தெரிந்தது, மற்றதெல்லாம் வெறும் சக்கை. வெள்ளவத்தையில் டொக்டரிடம் போனால் வெளியே நாலு சொந்தக்காரர் குந்தியிருப்பார்கள் என்று தெஹிவளைக்குப் போய் ஒளித்துக் காட்டினார். வந்தாலும் வரும், வராமலும் விடும் என்று அந்த டொக்டர் கையை விரித்தார்.

அன்றிலிருந்து மனிதர் நடிக்கிறார். ஒஃபிசில் அவருக்கு உதவியாக இருக்கும் ஆரணியை, "நீர் முதல்ல குடிச்சுச் சொல்லும், நீர் பழகவேணும்" என்று முன்னால் விடுவார். அவள் சொன்னதும் இலையின் நிறத்தை ஒரு தரம் உற்றுப் பார்த்து, "ஓம், அப்பிடித்தான்" என்பார். இப்படி ஒரு குருவா என்று அந்தப் பிள்ளை எல்லோரிடமும் புகழ்ந்து திரிகிறாள். வீட்டில் அதைவிடச் சுகம். இருபத்தெட்டு வருடமாக ஒருநாளும் சாப்பாட்டை நன்றாக இருக்கிறது என்று சொல்லாதவர் திடீரென்று பேசாமல் சாப்பிட்டால் சந்தேகம் வருமே! ஆகவே குறையை நிறுத்தவில்லை. ஒருநாள் உப்பு, ஒருநாள் புளி என்று முறை வைத்துச் சொல்லி வந்தார்.

அப்படி வந்ததுதான் மூன்று கிழமைக்கு முந்திய அந்த நாளும். சுபோதினியின் தாயாருடைய திவசம். விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பிக் குளித்து, ஒன்பது கறி வைத்து, தாயின் படத்துக்கு முன்னால் படைத்துவிட்டு, பதினெட்டுப் பேருக்குப் பந்தி வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த றமேஷ், அவள் தங்கையின் புருஷன், வேறொரு தேயிலைக் கம்பனிக்காரன், சபை நடுவில் கேட்டான்: "அத்தான், உங்கட நாக்கு இண்டைக்கு என்ன சொல்லுது?"

எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். நமசிவாயத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாயில் வந்ததைச் சொன்னார்.

"பருப்பு அடிப்பிடிச்சுப் போச்சு."

பதினெட்டுப் பேரும் பருப்பைத் திரும்ப மணந்து பார்த்து, ஓம் ஓம், கொஞ்சம் அடிப்பிடித்த மணம்தான் என்று தலையாட்டினார்கள். ஐந்து நிமிடம் போனில் தம்பியோடு கதைக்கப் போயிருந்த சுபோதினிக்கு அடிப்பிடிக்கவில்லை என்று அடித்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. சட்டியையும் அதற்குள் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. அன்று பின்னேரம் அவள் ஒரே ஒரு வசனம் சொன்னாள்: "இனி நான் சமைக்க மாட்டன்."

சொன்னபடி அவள் அடுப்படிப் பக்கமே போகவில்லை. மூன்று கிழமையாகக் காலி வீதிக் கடைப் பார்சல்தான். வீட்டில் பார்சல் தாளின் சத்தத்தைத் தவிர வேறு பேச்சில்லை. இப்படியே விட்டால் சரிவராது, இரண்டு நாள் வெளியே போனாலாவது இரண்டு பேரும் முகம் பார்த்துக் கதைப்பார்கள் என்று மெற்றில்டா கட்டிய ஏற்பாடுதான் இந்தக் கூடாரப் பயணம்.

இனி ஞாயிறு காலைக்கு வருவோம்.

பிட்டு அவிப்பதென்று நமசிவாயம் முடிவு செய்திருந்தார். சுபோதினிக்குப் பிட்டென்றால் பிடிக்கும் என்று நினைவு. அல்லது அவருக்குப் பிடிக்குமென்று அவள் அவித்தாளோ, அது அவருக்குச் சரியாக ஞாபகமில்லை. வெள்ளிக்கிழமை சாமான் கட்டியவரும் அவர்தான். சுபோதினி ஒன்றையும் தொடவில்லை. அலுமாரியின் மேல்தட்டிலிருந்த மாப் பாக்கெட்டையும் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியையும் அவரே தூக்கிப் பையில் போட்டிருந்தார்.

சுபோதினி ஆற்றில் குளிக்கப் போயிருந்தாள். பிரசாந் இன்னும் கூடாரத்துக்குள் குறட்டை. மெற்றில்டா அடுப்பை ஊதிக் கொடுத்தாள். நமசிவாயம் மாவில் சுடுதண்ணீர் விட்டுக் குழைத்து, ரம்ளரின் விளிம்பால் கொத்தி, தேங்காய்ப்பூவோடு நீத்துப்பெட்டியில் போட்டு ஆவியில் வைத்தார். இருபத்தெட்டு வருடம் சாப்பாட்டு மேசையிலிருந்தே பார்த்துப் படித்த வித்தை. கை சுட்டாலும் மனதுக்குள் ஒரு பெருமை வந்துவிட்டது.

ஆவி கிளம்பியதும் மெற்றில்டா மூக்கைச் சுளித்தாள்.

"மாமா, யாழ்ப்பாணத்துப் பிட்டு இப்பிடித்தான் மணக்குமா?"

"அது ஊர் அரிசி பிள்ளை. கொழும்பு அரிசி மாதிரி இராது."

முப்பத்தொரு வருட அனுபவம் பேசும்போது கொட்டாஞ்சேனைப் பிள்ளை என்ன செய்யும்? நம்பியது.

ஏழு மணிக்கு மூன்று பேரும் பாயில் இருந்தார்கள். சுபோதினிக்கு ஒரு கோப்பை மூடி வைக்கப்பட்டது. பிரசாந் வாழைப்பழத்தோடு பிசைந்து ஒரு பெரிய உருண்டையை வாயில் போட்டான். போட்டவன் அப்படியே அசையாமல் இருந்தான். விழுங்கவும் முடியவில்லை, துப்பினால் அடுத்த சமையல் அவன் தலையில். கண்ணில் தண்ணீர் வந்தது. மெற்றில்டாவும் ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர்ப் போத்தலை எட்டி எடுத்தாள்.

"எப்பிடி?" என்றார் நமசிவாயம்.

"நல்...லா இருக்கப்பா."

"வித்தியாசமா இருக்கு மாமா," என்றாள் மெற்றில்டா, அரைப் போத்தல் தண்ணீருக்குப் பிறகு.

பிறெடியின் சட்டம் அன்று போல் என்றும் கறாராக அமுலில் இருந்ததில்லை. குறை சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. நமசிவாயம் மனம் குளிர்ந்து போனார். தானும் ஒரு வாய் அள்ளிப் போட்டு நிதானமாக மென்றார். நாக்கை அண்ணத்தில் தட்டினார்.

"தேங்காய்ப்பூ கொஞ்சம் காணாது. மற்றப்படி மோசமில்லை."

இரண்டாவது வாயும் போட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் அவரை வாய் பிளந்து பார்த்தார்கள்.

அப்போதுதான் ஆற்றுப்பக்கமிருந்து சுபோதினி வந்தாள். ஈரத்தலையில் துவாயைச் சுற்றியபடி வந்தவள், பத்தடி தள்ளியே நின்றுவிட்டாள்.

"ஆர் ஒடியல் மா அவிக்கிறது?"

"ஒடியல் மாவோ? அரிசி மாப் பிட்டு," என்றார் நமசிவாயம், மூன்றாவது வாயைக் கையில் ஏந்தியபடி.

சுபோதினி கிட்ட வந்து, அவர் கோப்பையிலிருந்து ஒரு நுள்ளு எடுத்து நாக்கு நுனியில் வைத்தாள். உடனே திரும்பித் துப்பினாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள். திரும்பவும் முகத்தைப் பார்த்தாள்.

பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாதான் ஒடியல் மா. நாலைந்து தண்ணீர் மாற்றி ஊறவிட்டுக் கைப்பை எடுத்த பிறகுதான் அதை வாயில் வைக்கலாம். கூழ் காய்ச்சச் சொல்லிப் பருத்தித்துறையிலிருந்து சுபோதினியின் தமக்கை அனுப்பிய பாக்கெட் அது. ஊறாத ஒடியல் மாவின் மணத்தை யாழ்ப்பாணத்தான் ஒருவன் தூக்கத்தில்கூடத் தவறவிட மாட்டான். அதன் கைப்பைத் தெரியாமல் இரண்டு வாய் மென்று விழுங்கி, தேங்காய்ப்பூ காணாது என்று சொல்ல ஒரு ரீ ரேஸ்ரரால் முடியுமா?

நமசிவாயம் மூன்றாவது வாயைக் கோப்பையிலேயே போட்டார். விளங்கிவிட்டது அவளுக்கு. இனி ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், மகனுக்கும் மருமகளுக்கும் முன்னால் எல்லாம் முடிந்தது.

சுபோதினி துவாயை இறுக்கிக் கட்டினாள்.

"எல்லாரும் துப்பிப்போட்டு வாய் கொப்புளியுங்கோ. அது ஊறப்போடாத ஒடியல் மா. நான்தான் பாக்கெட்டை மாறி வைச்சிட்டன்."

"நீங்களோ? நீங்கள் ஒண்டையும் தொடேல்லையே அம்மா?" என்றான் பிரசாந், வாயைத் துடைத்தபடி.

"அலுமாரியில மாறி வைச்சிட்டன் எண்டு சொல்லுறன். அப்பாவுக்கு என்ன தெரியும், எடுத்தார், அவிச்சார்."

"அப்ப அப்பா எப்பிடிச் சாப்பிட்டவர்?"

"என்னட்டக் குறை கேக்கக் கூடாதெண்டு மூச்சைப் பிடிச்சுக்கொண்டு விழுங்கியிருப்பார். நீ மட்டும் என்ன செய்தனி?"

பிட்டு முழுவதையும் ஒரு மரத்தடியில் கொட்டினார்கள். பக்கத்துக் கூடாரக்காரரின் நாய் ஓடிவந்து மணந்து பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனது. மெற்றில்டா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

"சட்டப்படி பாத்தா மாமிதான் குறை சொன்னது. அடுத்த சமையல் மாமி."

சிரிப்பு நின்றது. மூன்று கிழமையாக ஒருவரும் வாய் திறந்து சொல்லாத விஷயம் அது. மெற்றில்டாவே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நான் குறை சொல்லேல்லை பிள்ளை. உண்மையைச் சொன்னனான்," என்றாள் சுபோதினி அமைதியாக. "இஞ்சேருங்கோ, ஆத்தடியில என்ர சோப்புப் பெட்டியை விட்டிட்டு வந்திட்டன். ஒருக்கா வாங்கோ."

சோப்புப் பெட்டி அவள் கையிலேயே இருந்தது. நமசிவாயம் எழும்பிப் பின்னால் போனார்.

இரவு பெய்த மழையில் ஆறு கலங்கி ஓடியது. ஒரு பெரிய பாறையில் சுபோதினி இருந்தாள். அவரும் ஒரு முழம் தள்ளி இருந்தார்.

"எப்ப இருந்து?"

"என்ன எப்ப இருந்து?"

"இருவத்தெட்டு வருசமா உங்கட முகத்தைப் பாத்துக்கொண்டு சோறு போட்டவள் நான். என்னோட விளையாட வேண்டாம்."

நமசிவாயம் தண்ணீரைப் பார்த்தார்.

"சித்திரையில காய்ச்சல் வந்ததல்லோ. அதோட போட்டுது. மணமும் இல்லை, ருசியும் இல்லை."

சொன்னதும் நெஞ்சில் ஏதோ கட்டவிழ்ந்த மாதிரி இருந்தது. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக ஒரு மனிதப் பிறவியிடம் அதைச் சொல்லியிருக்கிறார். இவ்வளவு லேசான காரியமா இது என்று அவருக்கே வியப்பாக இருந்தது. அந்த லேசு அதிக நேரம் நிலைக்கவில்லை. சுபோதினி கணக்கெடுக்கத் தொடங்கியிருந்தாள்.

"ஆடிக்கூழுக்கு இனிப்புக் கூடிப்போச்சு எண்டனீங்கள்."

"ஓம்."

"கூடினதோ?"

"தெரியேல்லை."

"பிள்ளையளின்ர கலியாணம் முடிஞ்ச அடுத்த நாள் கத்தரிக்காய்க் குழம்புக்குப் புளி காணாது எண்டனீங்கள். அந்தப் பிள்ளை வந்து முதல் சாப்பாடு. எனக்கு அவளுக்கு முன்னால வெக்கமாப் போச்சு."

"அதுவும் தெரியேல்லை, சுபோ."

அடுத்தது எது என்று அவருக்குத் தெரியும். அவள் அதை உடனே கேட்கவில்லை. காலைத் தண்ணீருக்குள் விட்டு, எடுத்து, திரும்ப விட்டாள்.

"அம்மாவுக்குப் படைச்ச பருப்பு?"

இல்லை, அடிப்பிடிக்கவில்லை, பஞ்சு மாதிரி இருந்தது என்று சொன்னால் போதும். அவள் மனம் ஆறிவிடும். அந்தப் பொய் நாக்கின் நுனியில் தயாராக வந்து நின்றது. ஐந்து மாதமாக இப்படி எத்தனையைச் சொல்லியிருக்கிறார்! இது இன்னொன்று, அதுவும் நல்லதுக்கு. வாயைத் திறந்தவருக்கு அதைச் சொல்ல மட்டும் முடியவில்லை.

"தெரியாது," என்றார். "அடிப்பிடிச்சுதோ இல்லையோ, எனக்குத் தெரியாது. றமேஷ் கேட்டான். எல்லாரும் பாத்தவை. வாயில வந்ததைச் சொன்னனான்."

"வாயில வந்ததை."

"ஓம்."

"அதைக் கேட்டுப்போட்டுப் பதினெட்டுப் பேரும் மணந்து பாத்து ஓம் ஓம் எண்டவை!"

சுபோதினி சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. அவர் கை நீட்டினார்; அவள் தட்டிவிட்டாள்.

"மூண்டு கிழமையா அம்மாவின்ர படத்தை நேரே பாக்கேல்லை நான். விளக்குக் கொளுத்தினாலும் கீழ பாத்துக்கொண்டு கொளுத்துறன். வருசத்தில ஒரு நாள் அந்த மனுசி என்ர கையால சாப்பிட வாறது. அதுக்கு அடிப்பிடிச்ச பருப்பைப் படைச்சிட்டன் எண்டு எரிஞ்சு எரிஞ்சு செத்தனான். நீங்கள் சும்மா சொன்னீங்களாம்!"

நமசிவாயத்துக்குத் தன் மேல் தனக்கே வெறுப்பாக இருந்தது. நாக்குப் போனதற்கு அவர் அழுதிருக்கிறார், ஒஃபிஸ் கழிவறையில் ஒரு நாள், யாருக்கும் தெரியாமல். இவள் அழுதாளா என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"பிள்ளையளுக்கு முன்னால ஏன் எனக்காகப் பொய் சொன்னனீர்?" என்று கேட்டார் கடைசியில்.

"உங்களுக்காக இல்லை. சபையில வைச்சு ஒரு ஆளை இறக்கினா எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும். அதை நான் இன்னொரு ஆளுக்குச் செய்ய மாட்டன்."

அவள் கோபமில்லாமல்தான் சொன்னாள். அது அவருக்கு அறைந்ததைவிடக் கூடுதலாக வலித்தது.

எதிர்க்கரையில் யாரோ துணி அடித்துத் துவைக்கும் சத்தம் கேட்டது. நமசிவாயம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். சுபோதினி வீட்டாரின் வட்சப் குழுவைத் திறந்தார். அந்தப் பதினெட்டுப் பேரும் அதற்குள் இருக்கிறார்கள். மெதுவாக ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, அவளிடம் நீட்டினார்.

'திவசத்தன்று பருப்பு அடிப்பிடித்தது என்று நான் சொன்னது பொய். சித்திரையிலிருந்து எனக்கு ருசியும் மணமும் தெரியாது. சுபோதினியின் சமையலில் ஒரு குறையும் இல்லை.'

சுபோதினி இரண்டு தரம் வாசித்தாள்.

"கடைசி வசனத்தை எடுங்கோ. குறையில்லை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் எடுத்தார்.

"றமேஷ் பாப்பார்," என்றாள்.

"ஓம்."

"நாளைக்குக் காலமை ஏலத்துக்கு வாற ஆக்களுக்கெல்லாம் தெரிஞ்சிடும். உங்கட ஒஃபிசுக்கும் போகும்."

"ஓம்."

பென்சனுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. நாக்கில்லாத நமசிவாயத்துக்கு அந்த நீள மேசையில் என்ன வேலை என்று நாளைக்கு யாரும் கேட்கலாம். அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. பயத்தோடேயே அனுப்பும் பொத்தானை அழுத்தினார். செய்தி போகவில்லை. ஓரத்தில் சின்ன மணிக்கூடு ஒன்று வந்து நின்றது. ஆற்றங்கரைப் பள்ளத்தில் சிக்னல் ஏது?

"மேல ரோட்டுக்கு ஏறினாப் போகும்," என்றார். "போன் உம்மட்ட இருக்கட்டும். வேண்டாம் எண்டு நினைச்சா அழியும்."

சுபோதினி போனை வாங்கித் துவாயில் சுற்றி வைத்துக்கொண்டாள். அழிப்பேன் என்றும் சொல்லவில்லை, அழிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

திரும்பிப் போனபோது மெற்றில்டா இரவு மிஞ்சிய சோற்றையும் மீனையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறி இறக்கியிருந்தாள். வெங்காயம் நறுக்கிய பலகை கவிழ்ந்து, மணலோடு அள்ளிப் போட்டதாகத் தானே ஒப்புக்கொண்டாள். நாலு பேரும் வட்டமாக இருந்தார்கள். நமசிவாயம் ஒரு வாய் வைத்தார். நாக்கை அண்ணத்தில் தட்டவில்லை. பக்கத்தில் திரும்பி, மனைவியைக் கேட்டார்:

"என்ன மாதிரி இருக்கு?"

பிரசாந் நிமிர்ந்து பார்த்தான். அப்பா அம்மாவைப் பார்த்து அப்படிக் கேட்டதை அவன் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

சுபோதினி நன்றாக மென்று விழுங்கினாள். பிறகு சட்டியையும் மருமகளையும் பார்த்தாள்.

"சோறு களி. மீன் காந்திப் போச்சு. வெங்காயம் பச்சை. மணல் எண்டா பல்லெல்லாம் நறநற எண்டுது."

"மாமி!" என்று கூவினாள் மெற்றில்டா. "நாலு குறை! சட்டம் தெரியுமல்லோ?"

"தெரியும், தெரியும். இரவைக்கு வீட்டில நான் சமைக்கிறன்."

பிரசாந் அவசரமாகக் குனிந்து சாப்பிட்டான், முகத்தை மறைக்கத்தான். சுபோதினி அந்தக் களியை, அந்த மணலோடு, இன்னொரு அகப்பை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மூன்று கிழமைக்குப் பிறகு அவள் வயிறு நிறையச் சாப்பிடுவதை நமசிவாயம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு வாயில் வெறும் சூடும் நறநறப்பும்தான். அப்படியிருந்தும் தன் கோப்பையை வழித்துச் சாப்பிட்டார்.

மத்தியானம் கூடாரங்களைக் கழற்றி வான் வண்டியில் ஏற்றினார்கள். பிரசாந் ஓட்டினான், மெற்றில்டா பக்கத்தில். பின்சீற்றில் கணவனும் மனைவியும். சுபோதினியின் மடியில் போன். வான் பள்ளத்திலிருந்து பிரதான வீதிக்கு ஏறும்வரை அவள் கட்டைவிரல் அந்தச் செய்தியின் மேலேயே இருந்தது. அழுத்திப் பிடித்தால் அழித்துவிடலாம். நமசிவாயம் யன்னல் வழியாக றப்பர் மரங்களைப் பார்த்தார். திரும்பிப் பார்த்தால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும் என்று திரும்பவில்லை.

யட்டியாந்தோட்டைக்கு வந்ததும் போனில் கிளிக் என்று ஒரு சத்தம் வந்தது, அந்தச் சின்ன மணிக்கூடு மறைந்தது.

"போட்டுது," என்றாள் சுபோதினி.

நமசிவாயம் மூச்சை விட்டார். பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் தோளில் இருந்த பாரத்தைக் காணவில்லை.

இரண்டு நிமிடம் ஆகவில்லை, போன் அடித்தது. திரையில் றமேஷின் பெயர். முன்சீற்றிலிருந்து பிரசாந், "ஆரம்மா?" என்றான். சுபோதினி சத்தத்தை நிற்பாட்டி, போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"வீட்ட போய் நீங்களே கதையுங்கோ," என்று கணவனிடம் மெல்லச் சொன்னாள். பிறகு, இவ்வளவு நாளும் எதுவுமே நடக்காதது போல, பழைய குரலில் கேட்டாள்:

"இரவைக்கு என்ன சமைக்க?"

இருபத்தெட்டு வருடமாக அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் தயாராக இருக்கும். காலையில் சப்பாத்துப் போடும்போதே சொல்லிவிட்டுப் போவார். இன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. எதைச் சமைத்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

"உமக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டார்.

"எனக்கோ?"

"ஓம். உமக்கு."

சுபோதினி பதில் சொல்ல வாயெடுத்தாள். மூடினாள். அவருக்குப் பால்கறி, பிரசாந்துக்கு நண்டு, அம்மாவுக்கு முருங்கையிலைச் சுண்டல், எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் யாருக்கு எவ்வளவு உறைப்பு, எவ்வளவு புளி என்பதுகூட வந்தது. தனக்கென்று தேடினால் அந்த இடத்தில் ஒன்றுமே அகப்படவில்லை.

"தெரியேல்லையப்பா," என்றாள் ஆச்சரியத்தோடு.

அவிசாவளை தாண்டியும் அவள் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். மடியில் போன் திரும்பவும் அதிரத் தொடங்கியது.